தோற்றவர் மறுபடி உட்காருவாரா? வீட்டுக்கு எந்த ஆட்டத்தை வாங்குவது

மே மாதம் வாங்கிய கேரம் பலகை ஜூலையில் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். செஸ் பெட்டியில் ஒரு குதிரை காணாமல் போய், அதன் இடத்தில் பேனா மூடி நிற்கும். பரணில் பல்லாங்குழி இருக்கும், முத்துகள் இருக்காது. ஆட்டம் சலித்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை. ஒருவரே ஜெயித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் "வேலை இருக்கு" என்று ஒவ்வொருவராக எழுந்துவிடுவார்கள். எதிரே ஆள் இல்லாத பலகை பீரோவுக்குப் பின்னால்தான் போகும்.

அதனால் ஆட்டம் நல்லதா கெட்டதா என்பதை விட்டுவிட்டு மூன்று விஷயங்களை மட்டும் பார்த்து வாங்கலாம். சாதாரண நாளில், விருந்தாளி யாரும் இல்லாமல், எத்தனை பேர் உட்காருவார்கள்? அவர்களில் நன்றாக ஆடுபவருக்கும் சுமாராக ஆடுபவருக்கும் இடைவெளி எவ்வளவு? ஓர் ஆட்டம் முடிய எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? கேரம், சதுரங்கம், பல்லாங்குழி, தாயம், யாழ்ப்பாணத்துச் சீட்டாட்டமான முந்நூற்றிநாலு ஆகிய ஐந்தையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். கேட்டான் (Catan) போன்ற வெளிநாட்டுப் பெட்டி ஆட்டங்கள் நல்லவைதான். ஆனால் விதிப் புத்தகத்தைப் படித்து எல்லோருக்கும் விளக்க ஒருவர் முன்வர வேண்டும், அடிப்படைப் பெட்டியில் மூன்று அல்லது நான்கு பேர்தான் ஆட முடியும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரை அவருக்குத் தேவைப்படாது.

கேரம்: வாங்கும்போதே பாதி ஆட்டம் முடிந்துவிடும்

இந்த ஐந்தில் பணம் அதிகம் கேட்பதும் இடம் அதிகம் அடைப்பதும் கேரம். முழு அளவுப் பலகையில் ஆடும் பரப்பு மட்டும் 73.5 முதல் 74 செ.மீ. சதுரம். சட்டத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றடிக்கு மூன்றடி. நாலு பேர் சுற்றி உட்கார வேண்டுமென்றால் ஏழடிச் சதுரமாவது தரை வேண்டும். இந்த இடம் இல்லாத வீட்டில் 26 அங்குலப் பலகை பொருந்தும். அதற்குக் கீழே இருப்பவை பொம்மைகள். குழந்தை எட்டு வயதைத் தாண்டியதும் யாரும் தொட மாட்டார்கள்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது பிளைவுட்டின் கனம். போட்டிப் பலகைக்கு 8 மி.மீ. குறைந்தபட்சம். மலிவான பலகைகளில் 4 மி.மீ. இருக்கும். அது முதல் மழைக்காலத்திலேயே நடுவில் தொய்யும். தொய்வைக் கண்டுபிடிக்க ஓர் இரும்பு ஸ்கேல் போதும். ஸ்கேலை மூலைவிட்டமாக, நடுவட்டத்தின் மேல் படும்படி வைத்து, குனிந்து பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். அடுத்து ஸ்ட்ரைக்கரை நாலு பக்கச் சட்டத்திலும் நேராக அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் துள்ளித் திரும்பி, இன்னொரு பக்கம் சோர்ந்து நின்றால் அந்தச் சட்டத்தின் மரம் மட்டமானது, அல்லது ஆணி இளகியிருக்கிறது. போட்டி விதிப்படி 15 கிராம் ஸ்ட்ரைக்கரைப் பலங்கொண்ட மட்டும் அடித்தால் அது குறைந்தது மூன்றரை முறை இங்குமங்கும் ஓட வேண்டும். கடையில் பவுடர் இல்லாமல் இரண்டு ஓட்டம் வந்தாலே பலகை தேறிவிடும்.

ஸ்ட்ரைக்கரும் குழியும் பொருந்த வேண்டும். முழு அளவுப் பலகையில் குழியின் விட்டம் 4.45 செ.மீ. ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 4.13 செ.மீ. விட்டமும் 15 கிராம் எடையும் இருக்கலாம். காய் 3.02 முதல் 3.18 செ.மீ. வரை. சின்னப் பலகைக்குப் பெரிய ஸ்ட்ரைக்கரைத் தனியாக வாங்கிவிடுபவர்கள் உண்டு. ஸ்ட்ரைக்கர் குழியில் விழவே விழாது. மைனஸே இல்லாத ஆட்டத்தில் சின்னவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கப் பழகிவிடுவார்கள்.

பவுடர் என்றால் கேரத்துக்கென்று விற்கும் போரிக் பவுடர்தான். முகத்துக்குப் போடும் பவுடர் ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், மாவு போட்டால் எறும்பு வரும். முழுப் பலகைக்கு அரைத் தேக்கரண்டி போதும். அள்ளிக் கொட்டினால் காய் வேகமாகப் போகும் என்று நினைப்பார்கள். உண்மையில் காய் தனக்கு முன்னால் பவுடரைக் குவித்துக்கொண்டு அதிலேயே முட்டி நிற்கும். ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும், ஈரத்துணி கூடவே கூடாது. போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் விஷம். கையை வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் கேரத்தை ஓரிரு வருடம் தள்ளிப்போடுவது உத்தமம்.

சாப்பாட்டு மேசை மேல் வைப்பது அடுத்த தப்பு. பலகை தரையிலிருந்து 63 முதல் 70 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையே ஏறக்குறைய 75 செ.மீ. உயரம், அதன் மேல் பலகையையும் வைத்தால் பத்து வயதுப் பிள்ளையின் முழங்கை தோளுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நிற்கும். மன்றங்களில் பலகைக்கு நேர் மேலே குண்டு பல்பைத் தொங்கவிடுவதற்கு நிழல் விழாமை மட்டும் காரணம் இல்லை, அந்தச் சூட்டில் பலகையின் ஈரமும் காயும். எல்இடி வெளிச்சம் தரும், அந்தச் சூட்டைத் தராது. அதனால் மழைநாளில் காய் ஏன் இழுக்கிறது என்று எல்இடி விளக்கின் கீழ் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். செங்குத்தாக ஆணியில் மாட்டுங்கள், அல்லது கட்டிலுக்கு அடியில் படுக்கப் போடுங்கள்.

இனி இடைவெளிக் கணக்கு. கேரம் முழுக்க முழுக்கக் கைத்திறமை. சென்னைக்காரர் மரிய இருதயத்துக்கு 1996இல் அர்ஜுனா விருது கிடைத்தது, அதே ஊரின் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். தினமும் அடித்துப் பழகிய கையை எப்போதாவது அடிக்கும் கை ஜெயிக்காது. தெருவில் நன்றாக அடிக்கும் அண்ணன் ஒருவர் வீட்டில் இருந்தால், தம்பிக்கு முறை வரும் முன்பே ஒன்பது காயும் உள்ளே போயிருக்கும். ஆனால் கேரத்தில் இதைச் சரிக்கட்ட நல்ல வழி இருக்கிறது. ஆட்டம் 25 பாயிண்ட். ஒரு போர்டில் (ஒரு சுற்றில்) அதிகபட்சம் 12, அதாவது எதிராளியின் ஒன்பது காயும் ரெட்டுக்கு மூன்றும். எனவே சுமாராக ஆடுபவருக்கு 10 பாயிண்ட் முன்கூட்டியே கொடுத்துத் தொடங்குங்கள். அவர் தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஜெயித்தால் அதை 7 ஆகக் குறையுங்கள். ரெட்டின் மூன்று பாயிண்ட் 21 வரை உள்ளவருக்குத்தான், 22ஐத் தொட்டவருக்கு அது கிடையாது என்ற விதியையும் விடாதீர்கள். பின்தங்கியவருக்குக் கடைசி நேரத்தில் ரெட் அண்ட் ஃபாலோ போட்டு எட்டிப் பிடிக்க அது ஒரு வழி. இரட்டையர் ஆட்டத்தில் பலசாலியும் பலவீனரும் எதிரெதிரே கூட்டாளியாக உட்கார்ந்தால் பாயிண்ட் கொடுக்கவே வேண்டியதில்லை.

இரண்டு பேர், நாலு பேர் என்றால் கேரம். மூன்று பேர் வீட்டில் ஒருவர் எப்போதும் வேடிக்கை பார்ப்பார்.

சதுரங்கம்: இடைவெளியை மறைக்காத ஆட்டம்

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலகச் சாம்பியன். இதற்குப் பிறகு செஸ் பெட்டி இல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. அதை ஆட எதிரே ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

தரவரிசைப் புள்ளிக் கணக்கு இதைக் கறாராகச் சொல்கிறது. இருவருக்கும் 200 புள்ளி இடைவெளி இருந்தால் மேலே இருப்பவர் நூறு ஆட்டத்தில் சராசரியாக 76 ஆட்டப் புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுப்பார். 400 புள்ளி என்றால் 91. வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கும் வீட்டில் காய் நகர்த்தத் தெரிந்த அப்பாவுக்கும் 400 புள்ளி இடைவெளி ஒரே வருடத்தில் வந்துவிடும். பிறகு அப்பா உட்கார மாட்டார். தாயத்தைப் போலக் கட்டை காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இங்கே கிடையாது.

சரிக்கட்ட இரண்டு வழி. கடிகாரத்தில் பலசாலிக்கு 2 நிமிடம், மற்றவருக்கு 10 நிமிடம். அல்லது பலசாலி ராணி இல்லாமல் ஆடுவது. ராணியில் தொடங்கி, மற்றவர் ஜெயிக்க ஜெயிக்க, யானை, குதிரை என்று விட்டுக்கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு வரலாம். புதிதாகக் கற்பவருக்கு 32 காயையும் ஒரே நாளில் அடுக்காமல், எட்டுக்கு எட்டு சிப்பாயும் இரண்டு ராஜாவும் மட்டும் வைத்து, முதலில் கடைசிக் கட்டத்தைத் தொட்டவர் ஜெயித்தார் என்று ஒரு வாரம் ஆடவிடுங்கள். காய்களின் பெயரையும் வீட்டில் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சில வீட்டில் மந்திரி என்றால் ராணி, சில வீட்டில் பிஷப். தாத்தாவும் பேத்தியும் ஆடும்போது பாதிச் சண்டை இதில்தான்.

வாங்குவதற்குச் சுருட்டி வைக்கும் வினைல் விரிப்பும் அடியில் எடை வைத்த பிளாஸ்டிக் காயும் போதும். ராஜா ஏறக்குறைய 9.5 செ.மீ. உயரம், கட்டம் 5 முதல் 6 செ.மீ. கட்டம் சரிதானா என்று பார்க்க ஒரே கட்டத்துக்குள் நாலு சிப்பாயை நிறுத்துங்கள். பிதுங்காமல் நின்றால் அளவு சரி. மடிக்கும் மரப்பெட்டி அலமாரியில் அழகாக இருக்கும், ஆனால் மடிப்பு விழும் நடுக்கோட்டில் காய் சாயும்.

பல்லாங்குழி: இரண்டு பேருக்கு, அதிலும் ஒருவர் எட்டு வயது என்றால்

இந்தப் பட்டியலில் அநியாயமாக ஒதுக்கப்பட்டது இதுதான். "பெண்கள் ஆட்டம்", "குழந்தைக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்க" என்று சொல்லிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். கணக்குப் போட்டு ஆடினால் இது சதுரங்கத்துக்குத் தங்கைதான். ஆனாலும் தோற்றவருக்கு முகம் சுருங்காது. ஏனென்றால் முத்து ஓடும் ஓட்டத்தை நாலு சுற்றுக்கு மேல் மனசுக்குள் தொடர்வது பெரியவருக்கும் கடினம்.

விதி ஊருக்கு ஊர் மாறும். பரவலாக ஆடுவது இப்படி. பதினாலு குழி, குழிக்கு 5 முத்து, மொத்தம் 70. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றில் இருப்பதை அள்ளி, வலப்பக்கமாக, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், அதோடு முறை முடியும். தொடர்ந்து இரண்டு குழி காலி என்றால் ஒன்றும் இல்லை. போகும் வழியில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு. அந்தக் குழி யார் பக்கமோ அவருக்கு.

இந்த விதியில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. முதல் ஆட்டக்காரர் எந்தக் குழியில் எடுத்தாலும் அவருக்குக் கிடைப்பது ஏழே ஏழு முத்து. குழிகளுக்கு வரிசையாக எண் கொடுத்துப் பாருங்கள், உங்கள் பக்கம் இடமிருந்து வலம் 1 முதல் 7, எதிர்ப்பக்கம் தொடர்ந்து 8 முதல் 14. ஒன்றாம் குழியில் எடுத்தால் 5 முத்தும் ஆறாம் குழியோடு தீரும். ஏழாம் குழியை அள்ளினால் பன்னிரண்டோடு தீரும். பதின்மூன்றை அள்ளினால் சுற்றி வந்து நாலாம் குழியில் தீரும். ஐந்தாம் குழியில் இப்போது 6 இருக்கும். அது பதினொன்றில் தீரும். பன்னிரண்டிலும் 6, அது மறுபடி நாலில் தீரும். அடுத்த ஐந்தாம் குழி காலி. துடைத்தால் ஆறாம் குழியில் 7. எல்லாக் குழியிலும் ஐந்தே இருப்பதால் வேறு எங்கிருந்து தொடங்கினாலும் இதே ஓட்டம்தான். ஆக, முதல் ஆட்டத்தைச் சின்னவருக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். அவர் எப்படி ஆடினாலும் தப்பாகாது.

யோசனை இரண்டாமவரிடம்தான் தொடங்குகிறது. மேலே சொன்னபடி முதல் ஆட்டம் முடிந்தபோது எதிர்ப்பக்கத்தில் 8 முதல் 11 வரை ஏழேழு முத்து, 12 காலி, 13இல் ஒன்றே ஒன்று, 14இல் ஏழு. கை தானாக எட்டாம் குழிக்குப் போகும், நிறைய இருக்கிறதல்லவா? அதை எடுத்தால் நீண்ட ஓட்டம். பதின்மூன்றில் ஒரு பசு 4, கடைசியில் துடைத்து 3, ஆக 7. ஆனால் நடுவே ஒன்றாம் குழியில் எதிராளிக்கும் ஒரு பசு விழுந்து 4 போகும். அதற்குப் பதிலாகப் பதின்மூன்றில் கிடக்கும் அந்த ஒற்றை முத்தை எடுங்கள். அது 14இல் விழும். அடுத்து ஒன்றாம் குழியின் 2 முத்து, மூன்றில் தீரும். நாலாம் குழியின் 8, பன்னிரண்டில் தீரும். அடுத்தது நீங்கள் காலி செய்த பதின்மூன்று. துடைத்தால் பதினாலில் இருக்கும் 8 முத்தும் உங்களுக்கு, எதிராளிக்கு ஒன்றுமில்லை. முத்து நிறைந்த குழியே லாபம் என்று நினைக்கும் பெரியவரை, சும்மா ஒற்றை முத்தை நகர்த்திய குழந்தை இப்படித்தான் ஜெயிக்கும்.

இரண்டாம் சுற்றில் எடுத்த முத்தை வைத்து அவரவர் பக்கத்தை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். 28 முத்து எடுத்தவருக்கு 5 குழி நிரம்பும், 3 மிஞ்சும். நிரம்பாத குழிகளில் ஈர்க்குச்சியைப் போட்டு மூடிவிடுவார்கள். ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாதவர் தோற்றார். முழுதாக ஆடி முடிக்க ஒரு மாலை போதாமல் போகலாம், அதனால் மூன்று சுற்று என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வாங்கும்போது குழியின் ஆழத்தைப் பாருங்கள். அலங்காரத்துக்கு விற்கும் மீன் வடிவப் பலகைகளில் குழி தட்டையாக இருக்கும். ஆட்டத்தில் ஒரு குழியில் 11 முத்து சேருவது சாதாரணம், எனவே 15 புளியங்கொட்டை வழியாமல் நிற்க வேண்டும். மூடும்போது கீல் இருக்கும் பக்கம் முத்து சிந்தாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முத்துக்குச் சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எது வேண்டுமானாலும் சரி, பத்து கூடுதலாக எடுத்து வையுங்கள். குன்றிமணி மட்டும் வேண்டாம். சிவப்பில் கருப்புப் பொட்டு வைத்த அந்த விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சாடி முழுச் சிவப்பு, பொட்டு இருக்காது. கடைக்காரர் இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து வைத்திருந்தால் அங்கே வாங்காதீர்கள்.

தாயம்: பாட்டியும் பேரனும் சமம்

மூன்று பேர், ஐந்து பேர், வயது ஆறு முதல் எழுபது வரை என்றால் வேறு யோசனையே வேண்டாம். சாக்கட்டியால் தரையில் போட்டுக்கொள்ளலாம், செலவு இரண்டு பித்தளைக் கட்டைக்கு மட்டும்தான். ஐந்து பேர் என்றால் இருவர் ஒரே மனையில் (காய் இறங்கும் கட்டத்தில்) கூட்டாக உட்கார்ந்துகொள்ளலாம்.

சமம் என்று சொல்வதற்குக் காரணம் கட்டைதான். ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று நாலு முகம். இரண்டையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது வெறுமையும் ஒன்றும், இரண்டு விதம். இரண்டு விழ மூன்று, மூன்று விழ நாலு, நாலு விழ மூன்று, ஐந்து விழ இரண்டு, ஆறு விழ ஒன்று. இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு, அதுவும் ஒரு விதம்தான். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். இந்த மறு உருட்டலையும் சேர்த்தால் ஒரு முறைக்குச் சராசரியாக ஆறு கட்டம் நகரலாம்.

இதிலிருந்து நேரத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஏழுக்கு ஏழு கட்டத்தில் மனையிலிருந்து பழம் (காய் போய்ச் சேரும் நடுக்கட்டம்) வரை 48 நகர்வு. நாலு காய்க்கு 192. முறைக்கு ஆறு என்றால் ஒருவருக்கு 32 முறை, நாலு பேருக்கு 128. ஒரு முறைக்கு அரை நிமிடம் வைத்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல். இதில் வெட்டுப்பட்டு வீட்டுக்குப் போன காய்களையும் தாயத்துக்குக் காத்திருந்ததையும் சேர்க்கவில்லை. வார நாளில் இது நடக்காது. ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள், மனையிலிருந்து பழத்துக்கு 24 நகர்வுதான். பாதி நேரத்தில் முடியும்.

தாயத்தில் குழந்தை அழும் இடம் ஒன்று உண்டு, அது தொடக்கம். தாயம் விழாமல் காய் இறங்காது. மறு உருட்டலையும் சேர்த்தாலும் ஒரு முறையில் தாயம் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. ஆறு சுற்று முடிந்தும் தாயமே விழாமல் உட்கார்ந்திருக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நாலு பேர் ஆடினால் யாராவது ஒருவர் அப்படி மாட்டிக்கொள்வது வழக்கம் என்றே சொல்லலாம். இதற்கு ஒரே மருந்து முதல் காயைத் தாயமின்றி இறக்கிவிடுவது. மற்ற காய்களுக்குத் தாயம் கட்டாயம். "வெட்டு இல்லாமல் உள்ளே போகக் கூடாது" என்ற விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். அது போனால் எல்லோரும் மலையில் (வெட்ட முடியாத கட்டத்தில்) ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், ஆட்டம் வெறும் ஊர்வலமாகிவிடும்.

கட்டையைச் சோதித்து வாங்குங்கள். வார்ப்பில் ஒரு பக்கம் கனத்திருந்தால் ஒரே முகம் அடிக்கடி விழும். கடையிலேயே முடியாவிட்டால் வீட்டில் ஒரு கட்டையை 64 முறை உருட்டி எழுதிப் பாருங்கள். முகத்துக்கு 16 சுற்றி வர வேண்டும். ஒரே முகம் 25க்கு மேல் வந்தால் கட்டை கோணல். உள்ளங்கையில் தேய்த்து நன்றாக உருளவிட வேண்டும். தரையோடு தரையாகச் சறுக்கிவிடும் கையைக் கவனியுங்கள், அது பெரும்பாலும் வீட்டிலேயே வயதான கையாக இருக்கும். டைல்ஸ் தரை என்றால் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டாமலிருக்க ஒரு போர்வையை விரித்துக்கொள்ளுங்கள்.

முந்நூற்றிநாலு: சரியாக நாலு பேர் இருந்தால்

யாழ்ப்பாணத்திலும், அங்கிருந்து போனவர்கள் குடியேறிய ஊர்களிலும் சீட்டு என்றாலே பல வீடுகளில் இதுதான். ஒரு சீட்டுக்கட்டில் 2 முதல் 6 வரை நீக்கினால் 32 சீட்டு. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டும் ஏழும் சும்மா. ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு நாலு சீட்டுப் போட்டு, அதைப் பார்த்தே, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்க வேண்டும். 160இல் தொடங்கும், மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல். அதிகம் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார், பிறகு மீதி நாலு சீட்டு.

திறமை இடைவெளியை இது கூட்டாளியின் தலையில் பாதி இறக்கி வைக்கிறது. சீட்டு நன்றாக வந்தால் புதியவரும் கேட்டு ஜெயிக்கலாம். கஷ்டம் முதல் நாள் மட்டும். ஏஸ்தான் பெரிது என்று பழகிய கைக்கு ஜாக்கும் ஒன்பதும் அதற்கு மேல் என்பது ஏறாது, ஒன்பதைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். வரிசையை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் இரு பக்கமும் எண்ணிக் கூட்டினால் 304 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ தப்பு, மறுபடி எண்ணுங்கள். அதற்குப் பிறகு சண்டை போடலாம். கூட்டல் கஷ்டமாக இருக்கும் வீட்டுக்குக் கேரளத்தில் ஆடும் இருபத்தெட்டு எளிது. அதே 32 சீட்டு, ஜாக் 3, ஒன்பது 2, ஏஸும் பத்தும் 1.

இதன் குறை நாலு பேர் என்ற கறார்தான். மூன்று பேர் என்றால் இல்லை, ஐந்து பேர் என்றால் ஒருவர் வெளியே. பத்து வயதுக்குக் கீழே சரிப்படாது. கூட்டாளியைத் திட்டும் சுபாவம் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் அவரைத் தாயத்துக்கு மாற்றிவிடுங்கள். காகிதச் சீட்டு ஈரக்காற்றில் உப்பி, மூலை மடங்கிய ஜாக்கை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் பிளாஸ்டிக் சீட்டாக வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

வாங்கும் வரிசை

எதையும் வாங்கும் முன் இரண்டு வாரம் செலவில்லாமல் சோதித்துவிடலாம். சாக்கட்டியில் ஐந்துக்கு ஐந்து கட்டம், கட்டை கிடைக்கும் வரை 0, 1, 2, 3 என்று எழுதி மடித்த துண்டுச் சீட்டுகளை இரண்டு டம்ளரில், டம்ளருக்கு நாலாகப் போட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுப்பது. முட்டை அட்டையில் ஏழேழாகப் பதினாலு குழி வெட்டினால் பல்லாங்குழி. யார் யார் தானாக வந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பேர்தான் என்றால் நல்ல பல்லாங்குழி, இருவரும் சம பலம் என்றால் செஸ் விரிப்பு. எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறுகிறது, சிறுசுகளும் உண்டு என்றால் பித்தளைக் கட்டை. நாலு பெரியவர்கள், இரவில் ஒரு மணி நேரம் என்றால் சீட்டு. கேரத்தை எப்போதும் கடைசியில் வாங்குங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, இடம் இல்லாமல் சாய்த்து வைத்து, வளைந்த பிறகு விற்கவும் முடியாது. வாங்குவதென்று முடிவானால் மழைக்காலம் முடிந்து, தை மாசத்தில் போங்கள். ஐப்பசியில் கடை வாசலில் ஈரத்தில் சாய்ந்து நின்று தப்பிய பலகை அப்போதும் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் காட்டாமல் இருந்தால், அதை நம்பி எடுக்கலாம்.